லைன் கரண்ட் இல்லாத நுவரெலியா வீட்டைக் குறைந்த செலவில் எப்படிச் சூடாக்குவது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். கந்தப்பளைக்கு மேலே ஒரு துண்டுக் காணியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை, ஒட்டினாற்போல் சின்னக் குசினி, குளியலறை. செங்கல் சுவர், தகரக் கூரை. போஸ்ட் நட்டு லைன் இழுக்கச் செலவு கட்டுப்படியாகாது என்று சோலாரில் இருக்கிறீர்கள். ஜனவரியில் பிள்ளைகளோடு போனால் இரவு தூங்க முடியவில்லை. லண்டனில் இருக்கும் அண்ணா வீட்டில் சுவரோடு ஒட்டி ஒரு பெரிய பெட்டி இருக்கிறது, இரவில் மலிவுக் கரண்டில் சூடேறி அடுத்த நாள் முழுக்க வெப்பம் கொடுக்கிறது, அதைப்போல ஒன்றை இங்கே செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

செய்யலாம். ஆனால் அந்தப் பெட்டி வேண்டாம், அந்த நேரமும் வேண்டாம். உங்கள் வீட்டில் கரண்ட் மலிவாக இருப்பது இரவில் அல்ல, மத்தியானத்தில். அதைச் சேமிக்க வேண்டியது செங்கல்லில் அல்ல, தண்ணீரில். இந்த இரண்டுக்கும் முன்னால் கூரையைக் கவனிக்க வேண்டும். இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அண்ணா வீட்டுப் பெட்டிக்குள்ளே இருப்பது கனமான, நெருக்கமாக அழுத்திச் செய்த கற்கள். அவற்றுக்கு நடுவே ஹீட்டர் கம்பி, சுற்றிவர நல்ல வெப்பக்காப்பு. கல் அறுநூறு பாகை தாண்டியும் சூடேறும். நூறு கிலோ கல் ஐந்நூறு பாகை ஏறினால் ஏறத்தாழ பன்னிரண்டரை யூனிட் வெப்பம் உள்ளே நிற்கும். பிரித்தானியாவில் அந்தக் காலத்து நிலக்கரி, அணு மின் நிலையங்களை இரவில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட முடியவில்லை. ஊர் தூங்கும்போது கரண்ட் மிஞ்சியது. அதை விற்கத்தான் 1978இல் ஏழு மணி நேர மலிவுக் கட்டணத்தைக் கொண்டுவந்தார்கள். ஆக, அந்தப் பெட்டி மலிவாக இருப்பதற்குக் காரணம் கல் அல்ல, கட்டணப் பட்டியல். லைன் இல்லாத வீட்டில் அந்தப் பட்டியல் கிடையாது. அதை உங்கள் இன்வேர்ட்டரில் இரவு போட்டால் பகல் சூரியனைப் பற்றரியில் அடைத்து, பற்றரியிலிருந்து எடுத்துக் கல்லில் அடைக்கிற கதையாகும். பதினைந்து யூனிட் பற்றரி வாங்குகிற காசுக்கு வேறு எத்தனையோ செய்யலாம்.

லைன் கரண்ட் உள்ள மலைநாட்டு வீட்டுக்காரர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒன்று சொல்லிவைக்கிறேன். மின்சார சபையின் நேரவாரிக் கட்டணத்தில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், 10.30 முதல் காலை 5.30 வரை மலிவு நேரம். நமக்குக் குளிர் கடிப்பதும் அதே 10.30க்குப் பிறகுதான். மலிவான நேரமும் தேவையான நேரமும் ஒன்றாக விழுந்துவிட்டால் எதற்குச் சேமிப்பு? நேரவாரிக் கட்டணத்துக்கு மாற முடிந்தவர்கள் பத்தரைக்குச் சாதாரண ஹீட்டரைப் போட்டாலே போதும். லண்டனில் பகலிலும் மாலையிலும் வெப்பம் தேவை, அதனால்தான் அவர்களுக்குக் கல் வேண்டியிருந்தது. கட்டணம் அடிக்கடி மாறுகிறது, மாறுமுன் புதிய விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு மலிவு நேரம் என்பது சோலார் பனலின் கரண்ட் நிரம்பி வழிகிற நேரம். வெயில் நாளில் பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்குப் பற்றரி நிறைந்துவிடும், அதற்குப் பிறகு பனல் கொடுக்கக்கூடியதை இன்வேர்ட்டர் வாங்காமல் விட்டுவிடும். நீங்கள் அதைப் பார்ப்பதில்லை, ஏனென்றால் வீணாவது மீற்றரில் காட்டாது. நாட்டுக்கே இப்போது இதே நிலைமைதான். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது நினைவிருக்கும். தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, மத்தியானக் கரண்டை வாங்க ஆளில்லை. உங்கள் காணியில் நடப்பதும் அதுதான், அளவில் சிறியது, அவ்வளவே.

சரி, எவ்வளவு வெப்பம் வேண்டும்? நுவரெலியா நகரம் கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வழக்கமான ஜனவரி இரவு பத்துப் பாகையை ஒட்டி நிற்கும், சில நாட்களில் தரையில் துகள் பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுகிற அளவுக்கு இறங்கும். வெளியே பத்து, உள்ளே பதினெட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டேன், அதாவது எட்டுப் பாகை வித்தியாசம். சீலிங் இல்லாத தகரக் கூரையால் மட்டும் ஏறத்தாழ 640 வாட் வெளியேறும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களால் 580 வாட். ஜன்னல் கண்ணாடியால் 140. கதவிடுக்கு, கூரை விளிம்பு வழியாக ஓடும் காற்றால் இன்னொரு 145. மொத்தம் 1,500 வாட், பத்து மணி நேரத்துக்குப் பதினைந்து யூனிட்.

இப்போது சீலிங் அடித்து, அதன் மேல் மூன்று அங்குலக் கிளாஸ் வூல் (கண்ணாடி நாரில் செய்த பஞ்சு) விரித்துவிடுங்கள். 640 வாட் 55 ஆகிவிடும். கதவுக்கு அடியிலும் கூரை விளிம்பிலும் இடுக்கை அடைத்தால் காற்றால் போவது பாதியாகும். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும். மொத்தம் 800 வாட்டில் வந்து நிற்கும். பத்து மணி நேரத்துக்கு எட்டு யூனிட். பாதிப் பிரச்சினை சீலிங்கோடு முடிந்தது, அதற்குக் கரண்ட் ஒரு துளியும் தேவையில்லை.

தகரக் கூரை உண்மையில் இந்தக் கணக்கைவிட மோசமானது. மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை நேரே வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். விடியற்காலையில் உட்பக்கம் வியர்த்துப் போர்வையில் சொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அது ஒழுக்கு இல்லை. உங்கள் மூச்சில் உள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் படிந்து சொட்டுகிறது. கொழும்புக் கடைகளில் றெஜிபோம் (தெர்மோகோல்) சீற் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வைக்க நினைப்பீர்கள். அது தீப்பிடித்தால் உருகி எரியும், எலியும் குடைந்துவிடும். கிளாஸ் வூல் கொஞ்சம் கூடச் செலவானாலும் அதையே வாங்குங்கள். விரிக்கும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சேமிப்பு. ஒரு கிலோ தண்ணீர் ஒரு பாகை சூடேற வேண்டிய வெப்பத்தில் கால்பங்குதான் ஒரு கிலோ கல்லுக்கு வேண்டும். கல் ஈடுகொடுப்பது அறுநூறு பாகைக்குப் போக முடிவதால்தான், அந்த வெப்பத்தில் வைக்கிற பெட்டியை வீட்டில் நாமே செய்வது ஆபத்து. தண்ணீர் அறுபத்தைந்து பாகையில் வேண்டியதைச் செய்துவிடும்.

நான் சொல்வது மிக எளிய ஏற்பாடு. இருநூறு லீற்றர் இரும்புப் பரல் ஒன்று, அறைக்குள்ளேயே, படுக்கைக்கு எதிர்ச் சுவரோரம். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஹீட்டர் கம்பி. பகலில் பரலுக்குத் தடித்த உறை போட்டு மூடிவிடுங்கள், மாலையில் உறையைக் கழற்றிவிடுங்கள். பம்ப் இல்லை, குழாய் இல்லை, ரேடியேட்டர் இல்லை, பரலேதான் ரேடியேட்டர்.

இதன் கணக்கு அழகாக அமைகிறது. அறுபத்தைந்து பாகையில் உறையைக் கழற்றினால் பரலின் வெற்றுடம்பு ஏறத்தாழ 850 வாட் வீசும். ஆற ஆற வீச்சுக் குறைந்து, பத்து மணி நேரத்தில் தண்ணீர் நாற்பது பாகைக்கு வரும். அதற்குள் ஆறு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக அறைக்குள் இறங்கியிருக்கும். அறையில் தூங்கும் இரண்டு பெரியவர்களின் உடல்களிலிருந்து வருவது இரவு முழுக்க ஒன்றரை யூனிட்டளவு. பிள்ளைகளையும் சேர்த்தால் சீலிங் அடித்த அறைக்கு வேண்டிய எட்டு யூனிட் கிட்டத்தட்ட வந்துவிட்டது. சீலிங் அடிக்காத அறையில் இதே பரலை வைத்தால் பாதிக்கிணறுதான் தாண்டும்.

உறையை வாகன சீற் தைக்கும் குஷன் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கன்வஸ், நடுவில் கிளாஸ் வூல், விளிம்பில் வெல்க்ரோ. தலைக்குத் தொப்பிபோல ஒரு வட்டத் துண்டு, அதையும் மறக்க வேண்டாம், மேல்பக்கத்தாலும் நிறையப் போகும். பரலுக்கு அடியில் ஒரு தடித்த பலகை.

பரலில் கவனிக்க வேண்டியவற்றை விட்டுக்கொடுக்காமல் செய்யுங்கள். முதலாவது, பரலை இறுக்கி மூடவே கூடாது. தண்ணீர் சூடேறினால் விரியும், சூடு ஏறியதும் கரண்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் பழுதானால் கொதிக்கும், மூடிய பரல் வெடிக்கும். மேல் துவாரத்தில் ஒரு குழாய் பொருத்திச் சுவரைத் துளைத்து வெளியே விடுங்கள், எந்த வால்வும் இல்லாமல், வளைந்து தண்ணீர் தேங்காமல். இப்படிச் செய்தால் நீராவி அறைக்குள் வந்து ஈரம் ஏற்றுவதும் இராது. இரண்டாவது, இரண்டு தெர்மோஸ்டாட். ஒன்று அறுபத்தைந்தில் நிறுத்த, மற்றது எண்பதில் நிரந்தரமாக அறுத்துவிட, கையால் அழுத்தினால்தான் திரும்ப வேலை செய்கிற வகை. மூன்றாவது, பிள்ளைகள். அறுபத்தைந்து பாகை இரும்பில் கை பட்டால் சுட்டுவிடும், சுற்றிவர ஒரு மரச்சட்டக் கூண்டு அடியுங்கள். நான்காவது, பழைய பரலில் முன்பு என்ன இருந்தது என்று கேட்காமல் வாங்க வேண்டாம். இரசாயனம் இருந்த பரலை வெப்பப்படுத்தி அதன் பக்கத்தில் தூங்கக்கூடாது. நிரப்பினால் இருநூறு கிலோவுக்கு மேல் வரும், சீமெந்துத் தரை தாங்கும், பலகைத் தரை என்றால் கீழே முட்டுக் கொடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக் தாங்கியும் சாதாரண பிவிசி குழாயும் இந்தச் சூட்டுக்கு ஆகாது.

இந்தப் பரலுக்குக் கரண்ட் கொடுப்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பனலிலிருந்து நேரே வயர் இழுத்து ஹீட்டர் கம்பியில் கொடுத்தால் இன்வேர்ட்டரே தேவையில்லையே என்று தோன்றும். றாகலையில் ஒரு வீட்டில் அப்படிச் செய்திருந்ததைப் போய்ப் பார்த்தேன். கீசரின் சாதாரண தெர்மோஸ்டாட்டைத்தான் இடையில் போட்டிருந்தார்கள். திறந்தபோது உள்ளே இருந்த இரண்டு செப்புப் புள்ளிகளும் கரியாகி, ஒன்றோடொன்று உருகி ஒட்டிப் போயிருந்தன. பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பு நிறத்தில் வளைந்திருந்தது. வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் சுவிட்ச் திறக்கும்போது எழும் பொறி தானாக அணையும். பனல் கரண்ட் பூச்சியத்தைத் தொடுவதே இல்லை, பொறி தொடர்ந்து எரியும். ஒட்டிப்போன தெர்மோஸ்டாட் ஒருநாளும் நிறுத்தாது. அந்த வீட்டுப் பரலுக்கு வெளியே திறந்த குழாய் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

கம்பியின் கணக்கும் பொருந்தாது. 1,500 வாட் கீசர் கம்பி 230 வோல்ட்டுக்கு என்று செய்தது, அதன் தடை 35 ஓம். 550 வாட் பனல் மூன்றைத் தொடராக இணைத்தால் 125 வோல்ட் வரும். 35 ஓமில் அது மூன்றரை, நாலு அம்பியர்தான் ஓட்டும், 1,650 வாட் பனலிலிருந்து மூன்றில் ஒரு பங்களவே கிடைக்கும். நாலு கம்பியைச் சமாந்தரமாகப் போட்டால் உச்சி வெயிலுக்குப் பொருந்தும், மேகம் வந்தவுடன் மறுபடி பாதிக்கும் கீழே விழும்.

அதனால் இன்வேர்ட்டர் வழியாகவே போங்கள். இப்போது வருகிற ஹைபிரிட் இன்வேர்ட்டர் பலவற்றில் பற்றரி இத்தனை வீதம் நிறைந்ததும் ஒரு சின்ன ரிலேயை, அதாவது தானாக இயங்கும் சுவிட்சை, மூடும்படி அமைக்கலாம். தொண்ணூற்றைந்து வீதத்தில் மூடவும் (கரண்ட் ஓட) எண்பத்தைந்தில் திறக்கவும் (கரண்ட் நிற்க) வையுங்கள். அந்த ரிலே ஒரு கொன்டாக்டரை (கூடிய கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இழுக்க, கொன்டாக்டர் ஹீட்டருக்குக் கரண்ட் கொடுக்கட்டும். ஹீட்டர் 1,000 வாட்டுக்கு மேல் வேண்டாம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் இந்தச் சாமான்களைத் தேடிப் பிடித்துவிடலாம்.

கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற ட்ரிப் சுவிட்ச் விஷயத்தில் ஒன்று. லைன் இல்லாத இன்வேர்ட்டர் பலவற்றில் நியூட்ரல் கம்பி எர்த்தோடு சேர்ந்திருப்பதில்லை. அப்படியிருந்தால் ஹீட்டர் கம்பி வெடித்துப் பரலில் கரண்ட் ஏறினாலும் ட்ரிப் சுவிட்ச் விழாது. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழும், அதை நம்பிவிடாதீர்கள். நியூட்ரலை ஒரே ஒரு இடத்தில் எர்த்தோடு சேர்த்து, நல்ல எர்த் கம்பி அடித்திருக்கிறதா என்று தெரிந்த எலெக்ட்ரீசியனை வைத்துப் பாருங்கள்.

பனல் எவ்வளவு வேண்டும்? வீட்டு வெளிச்சம், பிரிட்ஜ் போக நாளுக்கு ஆறேழு யூனிட் மிஞ்ச வேண்டும். மூன்று கிலோவாட் சுற்றுவட்டாரம், அதாவது 550 வாட்டில் ஆறு பனல். மலைநாட்டில் இயற்கையே நமக்கு ஓர் உதவி செய்கிறது. துகள் பனி விழுகிற இரவு என்றால் மேகமில்லாத இரவு, பெரும்பாலும் அதற்கு முந்திய பகலும் நல்ல வெயில். தேவை கூடிய நாளில் வரவும் கூடுகிறது. ஜூன், ஜூலைதான் கஷ்டம். தென்மேல் பருவக்காற்றில் நாள் கணக்காக மூடுபனி, பனலில் சொற்பம்தான் வரும். அப்போது இரவுக் குளிர் ஜனவரி அளவு இறங்காது, ஈரம்தான் எலும்புக்குள் போகும். பரல் முழுதாகச் சூடேறாத அந்த நாட்களுக்குக் கீழே சொல்லும் படுக்கை வழிதான் சரி.

வாரக் கடைசியில் மட்டும் போகிறவர் நீங்கள். குளிர்ந்து கிடக்கும் பரலைப் பதினைந்திலிருந்து அறுபத்தைந்துக்குக் கொண்டுவர பன்னிரண்டு யூனிட் வேண்டும், ஒரு நாளில் ஏறாது. ஆகவே மற்ற நாட்களிலும் ரிலே தன்பாட்டில் வேலை செய்யட்டும், உறை போட்டபடி இருக்கட்டும். உறையை மீறிக் கசிகிற வெப்பம் பூட்டிய வீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கும். மெத்தை மணக்காது. ஆளில்லாத வீட்டில் ஹீட்டர் ஓடுகிறது என்பதால்தான் இரண்டு தெர்மோஸ்டாட் என்று அழுத்திச் சொன்னேன். கிளம்பும்போது நீர்மட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கூரையில் வைக்கும் சோலார் கீசர் வெப்பத்துக்கு மட்டும் என்றால் பனலைவிடத் திறமானதுதான். ஆனால் ஆளில்லாத வாரநாட்களில் அதை நிறுத்துவது சுலபமில்லை, கொதித்துக்கொண்டே இருக்கும். பனலை ஒரு சுவிட்சில் நிறுத்தலாம். நிரந்தரமாகக் குடியிருப்பவருக்கு வேறு பதில் சொல்லியிருப்பேன்.

காணிக்குள்ளே ஓடை ஓடுகிறது என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் கேள்வியிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வரி! செக்கனுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் இருபது மீற்றர் இறங்கினால், பாதி வீணாகப் போனாலும் ஏறத்தாழ 490 வாட் வரும். சின்னதாகத் தோன்றும். ஆனால் அது இரவும் பகலும் ஓடும், நாளுக்குப் பன்னிரண்டு யூனிட். உங்கள் ஆறு பனல் நல்ல வெயிலில் தருவதற்கு இது குறைவில்லை. பொறியியலாளர் விமலசுரேந்திர நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூலில் சிறு நீர்மின் நிலையம் அமைத்து நகருக்குக் கரண்ட் கொடுத்த மலைகள் இவை. தோட்டங்கள் பலவற்றில் சொந்த டர்பைன் ஓடியிருக்கிறது. லைன் போகாத கிராமங்கள் பலவும் இப்படித்தான் வெளிச்சம் கண்டன. அந்தச் சிறு நிலையங்களில் ஒரு கருவி இருக்கும். ஊர் தூங்கிப் பாவனை குறைந்தால் டர்பைன் தறிகெட்டு ஓடாதிருக்க, மிஞ்சும் கரண்டை ஹீட்டர் கம்பிகளுக்குத் திருப்பிவிடும். அந்த வெப்பம் தண்ணீருக்கோ காற்றுக்கோ போய் வீணாகும். உங்கள் பரலை அந்தக் கம்பிகளின் இடமாக வைத்துவிட்டால் லண்டன் அண்ணா வீட்டு ஏற்பாடு அப்படியே வந்துவிடும், இரவில் மிஞ்சுவதை இரவே வாங்கிச் சேமிக்கும், கட்டணப் பட்டியல் இல்லாமலே. ஒரே குறை, பெப்ரவரி, மார்ச்சில் ஓடை மெலியும். அப்போது வெயில் இருக்கும். சோலாரும் ஓடையும் ஒன்றின் பஞ்சத்தை மற்றது தீர்க்கும். தண்ணீரை மறிக்க அனுமதி வேண்டும், கீழே யாராவது அதில் குடிக்கிறார்களா, குளிக்கிறார்களா என்பதையும் முதலில் பாருங்கள்.

சூடாக்கும் வசதியுள்ள இன்வேர்ட்டர் ஏசி பற்றியும் கேட்டீர்கள். நல்ல யோசனைதான். அது வெளியே உள்ள வெப்பத்தை உள்ளே இறைப்பதால், நுவரெலியாக் குளிருக்கு ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட் வெப்பம் எதிர்பார்க்கலாம். எட்டு யூனிட் வெப்பத்துக்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவான பற்றரி. ஐந்து யூனிட் லித்தியம் பற்றரி ஏற்கனவே இருந்தால் பரலைவிட இதுவே சுலபம். கொழும்பில் விற்கிறவை பெரும்பாலும் குளிரூட்ட மட்டும் என்பதால், சூடாக்கும் மொடல் என்று கேட்டு, எழுத்தில் பார்த்து வாங்குங்கள். பழுதானால் மேலே வந்து திருத்த ஆள் கிடைப்பது கஷ்டம். பற்றரி சிறியது, வாரக் கடைசி வீடு என்ற உங்கள் நிலைமைக்கு நான் பரலைத்தான் சொல்வேன்.

அப்புறம், படுக்கை. அறையைச் சூடாக்க 800 வாட், ஆளைச் சூடாக்க 100 வாட் போதும். இரண்டு பேர் படுக்கும் மின்சார விரிப்பு இரவு முழுக்க ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும். இதை அண்ணா வரும்போது கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கேயும் 230 வோல்ட், 13 அம்பியர் பிளக்கும் அதேதான். தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டாம்.

இவ்வளவும் செய்யுமுன் குளிர் தாங்காமல் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைப் பூட்டிவிடாதீர்கள். கரியிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோய்விடும். இடுக்கெல்லாம் அடைத்த அறையில் அந்த ஆபத்து இன்னும் கூடும்.

இந்த மாதம் போகும்போது மூன்று வேலை. அறையிலும் வெளியிலும் ஒவ்வொரு வெப்பமானியை மாட்டி, இரவின் மிகக் குறைந்த அளவை எழுதுங்கள். மத்தியானம் பற்றரி எத்தனை மணிக்கு நிறைகிறது என்று பாருங்கள். ஓடையில் தண்ணீர் ஒடுங்கி விழுகிற இடத்தில் இருபது லீற்றர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை செக்கன் என்று எண்ணுங்கள். நாலு செக்கனில் நிரம்பினால் பரலுக்குப் பனல் வாங்கும் காசை அப்படியே வைத்திருங்கள், டர்பைனைப் பற்றிப் பேசுவோம்.